சுனை, மூங்கில், சாடி: பத்துப்பாட்டில் இல்லத்துத் தேறல்

சங்க இலக்கியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது நாம் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது கள்ளைப் பற்றிய இடம். விருந்தோம்பல் என்று தலைப்பிட்டு எழுதும் கட்டுரைகளிலும், ஆண்டுவிழா மேடைகளில் நிகழ்த்தும் சொற்பொழிவுகளிலும் வெண்சோறு வரும், நெய் வரும், பலாச்சுளை வரும், சிலவேளை ஊன்சோறும் வரும். அதே விருந்தில் பாணனுக்கு வார்க்கப்பட்ட தேறல் மட்டும் ‘தேன்’ என்றோ ‘பழச்சாறு’ என்றோ பெயர் மாறிவிடும். அன்றேல் வாராமலே போய்விடும்.

இதற்கு நேர்மாறான போக்கும் உண்டு. பண்டைத் தமிழர் குடித்தனர், ஆகவே இன்றைய குடியும் மரபே என்று வாதிடுவோர் அதே பாடல்களைச் சான்றாகக் காட்டுவர். முன்னவர் பாடலை மறைக்கின்றனர். பின்னவர் பாடலை வளைக்கின்றனர். இருவருமே பாடலைப் படிக்கவில்லை என்பது நம் கருத்து. பத்துப்பாட்டுள் தேறல் வரும் இடங்களை ஊன்றி நோக்கினால், குடிப்பதன் களிப்போடு ஆக்குவதன் நுட்பமும் ஆக்கியதைப் பகிர்வதன் பண்பும் அங்கே விரிவாகப் பேசப்படுவதைக் காணலாம். அந்த நுட்பத்தை விளங்கிக்கொள்ள அகராதி மட்டும் போதாது. அடுக்களை அறிவும் வேண்டும். அவ்வறிவு இன்றும் உயிரோடு இருப்பது கிழக்கிந்தியாவிலும் வடகிழக்கிலும். பிழைப்பின் பொருட்டு அப்பகுதிகளில் வந்து குடியேறிய தமிழராகிய நாம் நம் பழம்பாட்டு ஒன்றை அண்டைவீட்டாரிடம் கற்றுக்கொள்ள இயலும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்கள் சொல்லும் செய்தி

இன்று நமக்கு ‘மது’ என்னும் பொதுச்சொல் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. பேச்சுவழக்கில் அதற்குச் ‘சரக்கு’ என்று பெயர். கடையில் வாங்கும் பொருள் என்பதற்கு மேல் அச்சொல் எதையும் சொல்வதில்லை. சங்கப் புலவரின் சொற்களோ ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சுமந்து நிற்கின்றன.

பிழியப்படுவது பிழி. அரித்து வடிக்கப்படுவது அரியல். கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். தேறுதல் என்றால் தெளிதல். நெல்லால் ஆக்கப்பட்டது தோப்பி என்பர் உரைகாரர். இவை யாவும் செய்தொழிலைக் காட்டும் பெயர்கள். மற்றொரு வகைச் சொற்கள் மணத்தையும் மலரையும் காட்டுவன. நனை என்றால் பூவின் அரும்பு. கள்ளுக்கும் அதுவே பெயர். நறவு என்றால் மணம், தேன், கள். ‘நறவம்’ என ஒரு மலரும் உண்டு, குறிஞ்சிப்பாட்டின் நெடிய பூப்பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. மட்டு என்பதற்கும் தேன், மணம், கள் என்ற பொருள்கள் உண்டு. ஒரு புறம் கையின் வேலை. மறு புறம் காட்டின் மணம். இவ்விரண்டும் கூடிய இடத்திலேதான் பழந்தமிழரின் பானம் பிறந்தது என்பதைச் சொற்களே உணர்த்துகின்றன.

வினைச்சொற்களும் நோக்குதற்குரியன. கள்ளை ‘அடுதல்’ என்பர். சோற்றையும் அடுதல் என்பர். தேறல் ‘விளைந்தது’ என்பர். பயிரும் விளைந்தது என்பர். சமையலுக்கும் உழவுக்கும் உரிய சொற்களையே புலவர் இதற்கும் வழங்கினர். ஆகவே இதனை அவர்கள் தனியே ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு களியாட்டப் பொருளாகக் கருதவில்லை. இல்லத்தின் அன்றாட ஆக்கங்களுள் ஒன்றாகவே கருதினர்.

சுனை

பத்துப்பாட்டுள் தேறல் ஆகும் முறையை மூன்று நிலைகளில் காண்கிறோம். முதல் நிலையில் மனிதக் கையே இல்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. அதில் தலைவனது மலையை வருணிக்கும் இடத்தில் பாறையிடையே அமைந்த ஒரு நெடுஞ்சுனை வருகிறது. கரையில் படர்ந்த கொடியிலிருந்து முற்றிய மிளகு அச்சுனையில் உதிர்கிறது. மாமரத்தின் இனிய கனிகள் விழுகின்றன. பறவைகள் மோதிக் கலைத்த தேனடையிலிருந்து தேன் சொரிகிறது. பலாவின் பழம் நெகிழ்ந்து ஒழுகுகிறது. இவையெல்லாம் ஒருங்கு கூடி, நாளடைவில் சுனைநீர் தேறலாகிவிடுகிறது. தாகம் தீர்க்க வந்த மயில் அதனைத் தண்ணீர் என்று எண்ணிப் பருகுகிறது. பின்னர், ஊர்விழாவிலே இசைக்கருவிகள் ஒலிக்கக் கயிற்றின்மேல் நடக்கும் ஆடுமகளைப்போல நடை தளர்கிறது.

மாவும் பலாவும் சர்க்கரை தருவன. தேன் அதனினும் மிகுதியாகத் தருவது. மிளகு உறைப்பும் மணமும் தருவது. பழத்தோலிலும் பூந்தாதிலும் இயல்பாகவே தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையைப் புளிக்கச் செய்யும். பழமும் தேனும் காரச்சரக்கும் கூட்டி வீட்டிலே பானம் ஆக்குவோர் உலகின் எம்மூலையில் இருந்தாலும் இந்நான்கு கூறுகளையே நாடுவர். கபிலர் ஒரு செய்முறையை இயற்கைக் காட்சியாக மாற்றி வைத்துவிட்டார். அடுபவர் யாரும் இல்லை, மலையே அடுகிறது.

கலைநயம் இத்தோடு நிற்கவில்லை. மயில் விரும்பிக் குடிக்கவில்லை; நீர் என்று நினைத்துக் குடித்தது. தலைவியும் அவ்வாறே தலைவனது அன்பை ஒரு சாதாரண உதவியென ஏற்று, பின்னர் அதன் வலிமையால் தளர்ந்தவள். தோழி செவிலிக்கு உண்மையை எடுத்துரைக்கும் பாட்டில் இக்காட்சி உள்ளுறையாக நின்று, தலைவியின்பால் குற்றமில்லை என்று வாதாடுகிறது எனக் கொள்ளலாம். தேறல் என்பதற்குப் ‘பழச்சாறு’ என்று நாம் பொருள் எழுதிவிட்டால் மயில் தளர்வதற்குக் காரணமே இல்லாமற் போகிறது. தோழியின் வழக்காடலும் உடன் வீழ்கிறது. நாணத்தால் ஒரு சொல்லை மாற்றுவது பாட்டின் முதுகெலும்பையே முறிப்பதாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூங்கில்

இரண்டாம் நிலையில் மனிதன் வருகிறான். ஆனால் சிறிதளவே வருகிறான். திருமுருகாற்றுப்படையில் குன்றக் குறவர் நெடிய மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளைச் சுற்றத்தோடு உண்டு குரவை ஆடுகின்றனர். மலைபடுகடாத்திலும் மூங்கிலில் விளைந்த தேன் தேறல் கூத்தருக்குக் கிடைக்கிறது. காட்டில் கிடைத்த தேன், காட்டில் வளர்ந்த கலம், அதில் அடைத்துவைக்கும் பொறுமை: இம்மூன்றே இதற்கு வேண்டுவன. சுனையில் தற்செயலாக நிகழ்ந்ததை மனிதன் கண்டு, அதற்கு ஒரு மூடி இட்டான் எனலாம்.

இவ்விடத்தில் ‘நாட்பட்டது’ என்ற கருத்து சிறப்புப் பெறுகிறது. புறநானூறு 392-ஆம் பாட்டில் ஒளவையார் நாட்பட்ட தேறலின் கடுப்பைத் தேள் கொட்டிய கடுப்புக்கு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படையில் பாம்பின் சீற்றம் உவமையாகிறது. இவ்வுவமைகள் புகழ்ச்சியா, எச்சரிக்கையா என்று கேட்டால் இரண்டுமே என்றுதான் சொல்ல வேண்டும். தேளையும் பாம்பையும் நன்கு அறிந்த மக்கள் அவற்றை விளையாட்டாக உவமை கூறார்.

சாடி

மூன்றாம் நிலையே நம் கட்டுரைக்கு உயிரானது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்டது. பரிசில் பெற்று மீளும் பாணன், பெறாத பாணனுக்கு வழி சொல்கிறான்; வழியில் எந்தெந்தக் குடியில் எத்தகைய உணவு கிடைக்கும் என்று வரிசைப்படுத்துகிறான். அவ்வரிசையில் வலைஞர் குடியிருப்பு வரும்போது புலவர் சற்று நிற்கிறார். ஏறத்தாழ எட்டடிகளில் ஒரு செய்முறையைத் தொடக்கம் முதல் இறுதிவரை சொல்லிவிடுகிறார்.

அதனை உரைநடையில் கூறினால் இவ்வாறு அமையும். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்க வேண்டும். அக்கூழை அகன்ற வாயுடைய பிழாவில், அதாவது தட்டில், பரப்பி ஈரம் புலரும்படி ஆற்ற வேண்டும். புற்றிலுள்ள குரும்பியைப் போன்ற தோற்றமுடைய நல்ல ‘அடை’யை அதில் கலக்க வேண்டும். இனிமை பிறக்க வேண்டும். வலிய வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, அதன் இளமை நீங்கி முற்றும். பின்னர் வெந்நீர் சேர்த்து, விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்க வேண்டும். அந்த மணமுள்ள பிழியைச் சுட்ட மீனோடு விருந்தினர் பெறுவர்.

சமையற்குறிப்பு எழுதுவோர் இதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. பொருள், பக்குவம், கலம், காலம், வடிக்கும் முறை, உடன் உண்ணும் துணை ஆகிய யாவும் அமைந்துள்ளன. ஒவ்வொரு படிக்கும் காரணமும் உண்டு. கூழைச் சூடாக அடையோடு கலந்தால் அடையில் உள்ள உயிராற்றல் கெட்டுவிடும். ஆதலால் ஆற்றுதல் வேண்டும். நீர் மிகுந்தால் அழுகிப்போகும். ஆதலால் புலர்த்துதல் வேண்டும். இவற்றினும் வியப்பானது ‘தேம்பட’ என்ற ஒரு சொல். அரிசியின் மாச்சத்து நேரே கள்ளாவதில்லை. முதலில் அது சர்க்கரையாக மாற வேண்டும். அதன் பின்னரே சர்க்கரை நொதித்துக் கள்ளாகும். கூழ் முதலில் தித்திக்கும், பிறகே உறைக்கும். அடை கலந்ததற்கும் சாடியில் முற்றியதற்கும் நடுவே இனிமை பிறத்தலைப் புலவர் வைத்தது ஓசைக்காக அன்று. நாவால் அறிந்த உண்மையை உரிய இடத்தில் வைத்தார்.

பாணனுக்கு இச்செய்முறை எதற்கு? கள் கிடைக்கும் என்று சொன்னாலே போதுமே என்று கேட்கலாம். விருந்தோம்பலின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. பெற்றவன் தான் பருகியதோடு அமையாமல், அதற்காக ஒரு குடும்பம் இரண்டு பகலும் இரண்டு இரவும் காத்திருந்ததையும் விரல் நோவப் பிழிந்ததையும் நினைவில் வைத்துச் சொல்கிறான். ஏழை வலைஞர் வீட்டில் பொன்வள்ளம் இல்லை. புறநானூறு 56-ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொணர்ந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தருவதாக நக்கீரர் பாடுகிறார். அங்கே கலத்தின் சிறப்பும் கப்பலின் சிறப்பும் பேசப்படுகின்றன. வலைஞர் மனையிலோ உழைப்பின் சிறப்பு பேசப்படுகிறது. விலைக்கு வாங்கியதை வருணிக்க ஓரடி போதும். கையால் ஆக்கியதைச் சொல்ல எட்டடி வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. வலைஞர் குடியை அடுத்து, சிறிது தொலைவிலேயே அந்தணர் இல்லம் வருகிறது. அங்கே நாயும் கோழியும் அணுகா. மாதுளங்காயை வெண்ணெயில் வெதுப்பி, மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி, மாவடு ஊறுகாயோடு சோறு தருவர். மீன்சூட்டையும் கள்ளையும் பாடிய அதே நாவால், அதே மதிப்போடு, புலவர் இதனையும் பாடுகிறார். ஒன்றை உயர்த்த மற்றொன்றைத் தாழ்த்தவில்லை. வீட்டுக்கு வீடு உணவு வேறு. விருந்தை ஏற்கும் மனம் ஒன்று. இந்த நடுநிலை நம் இன்றைய விருந்துகளில் எத்தனை வீட்டில் உண்டு என்று நாம் எண்ணிப்பார்த்தல் நலம்.

அடை எது?

இப்பகுதியில் அறிஞர் நின்று ஆராய வேண்டிய சொல் ஒன்று உண்டு, அது ‘அடை’. பத்துப்பாட்டு முழுமைக்கும் உரை கண்ட நச்சினார்க்கினியர் அதனை நெல்முளை என்று கொண்டு, அதனை இடித்துக் கூழில் கலப்பதாக எழுதினார். உ. வே. சாமிநாதையர் 1889-இல் அவ்வுரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டபின், நம்மில் பெரும்பாலோர் அப்பொருளையே ஏற்றுவருகிறோம். அதற்குக் குறை சொல்வதற்கில்லை. முளைக்கும் நெல்லில் மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி சுரக்கும். நாகாலாந்தில் அங்காமி மக்கள் ‘ஸுதோ’ என்னும் அரிசிப் பானத்தை முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்த்தே இன்றும் ஆக்குகின்றனர். உரையாசிரியர் கற்பனையில் எழுதவில்லை என்பதற்கு அவர்களுடைய வீடுகளே சான்று.

ஆயினும் உவமையை நோக்கும்போது வேறொரு பொருளுக்கும் இடமுண்டு என்று கருதுகிறோம். குரும்பி என்பது கறையான் புற்றினுள் கிடைக்கும் அடைபோன்ற பொருள். துளைகள் நிறைந்து, வெண்மை பூத்து, மென்மையாக இருக்கும். தமிழர் அதற்குப் புற்றாஞ்சோறு என்றும் பெயரிட்டனர். கறையான் தன் உணவுக்காகப் பூஞ்சையை வளர்க்கும் பாத்தியே அது என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. புலவர் அடைக்குத் தரும் அடைமொழி ‘பூம்புறம்’ என்பது. பூ என்றதும் மலரின் பொலிவு என்று கொள்வது மரபு. ஆனால் நம் வீட்டு வழக்கில் பூத்தல் என்பதற்கு மேலே வெண்படலம் படர்தல் என்றும் பொருளுண்டு. நீறு பூத்த நெருப்பு என்கிறோம். ஊறுகாயில் பூஞ்சணம் பூத்துவிட்டது என்கிறோம். அவ்வாறாயின், புறத்தே வெண்பூஞ்சை பூத்த மாவடையையே புலவர் குறித்தார் என்று கொள்ளத் தடையில்லை. புற்றாஞ்சோற்றை உவமையாக்கியது அப்போது இன்னும் பொருந்திவரும்.

‘அடை’ என்பது பண்ணியத்தைக் குறிக்குமா என்ற ஐயத்திற்கும் பத்துப்பாட்டே விடை தருகிறது. மதுரைக்காஞ்சியில் இரவுக் கடைவீதியில் கூவியர் விற்கும் ‘மெல்லடை’ தேன்கூட்டுக்கு உவமிக்கப்படுகிறது. ஓரிடத்தில் அடைக்குத் தேனீயின் கூடு உவமை. மற்றோரிடத்தில் கறையானின் கூடு உவமை. இரண்டு புலவர்களும் துளைகளையுடைய மென்மையான அடையையே கண்முன் கண்டனர் எனத் தோன்றுகிறது.

அத்தகைய அடை எங்கேனும் உண்டா? ஜாம்ஷெட்பூர், ராஞ்சி, ரூர்கேலா ஆகிய ஊர்களில் எஃகு ஆலைகளையும் அலுவலகங்களையும் நம்பி வாழவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வினாவின் விடை வாரச்சந்தையிலேயே கிடைக்கும். சந்தால், முண்டா, ஒராவோன் மக்கள் வீடுகளில் பெண்கள் ஆக்கும் ‘ஹண்டியா’ என்னும் அரிசிப் பானத்துக்கு ‘ராணு’ என்ற சிறு மாவுருண்டையே வித்து. அரிசி மாவோடு பலவகை வேர், பட்டை, இலைகளை இடித்துச் சேர்த்து, உருட்டி, வைக்கோலில் வைத்து உலர்த்துவர். அதன் புறத்தே பூஞ்சை படரும். சோற்றை வடித்துப் பாயில் பரப்பி ஆற்றுவர். ராணுவைப் பொடித்துக் கலப்பர். மண்பானையில் இட்டுச் சில நாள் மூடிவைப்பர். பின்னர் நீர்விட்டுப் பிசைந்து வடித்து, இலைத்தொன்னையில் விருந்தினர்க்குத் தருவர், முன்னோர்க்கும் படைப்பர். ஹண்டி என்னும் பானையின் பெயரே பானத்துக்கும் ஆகிவந்தது. தட்டில் ஆற்றுதல், அடை கலத்தல், கலத்தில் முற்றுதல், கையால் பிசைந்து வடித்தல் என்று பெரும்பாணாற்றுப்படையின் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே நிற்கின்றன.

முன்னோர்க்குப் படைத்தலும் நமக்குப் புதிதன்று. அகநானூறு 35-ஆம் பாட்டில் நடுகல்லுக்குத் தோப்பிக் கள் படைக்கப்படுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின், நாரால் அரித்த கள்ளைச் சிறுகலத்தில் உகுத்தால் அவன் கொள்வானோ என்று ஒளவையார் புறநானூறு 232-இல் கலங்குகிறார்.

நச்சினார்க்கினியரின் உரை பிழை என்று நாம் சொல்லவில்லை. நெல்முளை, பூத்த அடை ஆகிய இரண்டு முறைகளுமே இந்நாட்டில் இன்றும் வழங்குகின்றன. இரண்டுமே அரிசியை முதலில் தித்திக்கச் செய்து பின்பு முற்றச் செய்வன. ஆனால் இவ்விரு பொருளையும் நிறுத்துப்பார்க்கும் அறிவு ஏட்டிலிருந்து மட்டும் வந்துவிடாது. சந்தையோரத்தில் பானையோடு அமர்ந்திருக்கும் பழங்குடிப் பெண்ணை நாம் எவ்வளவு எளிதாகக் கடந்துபோகிறோம்! அவள் கையில் இருப்பது, நாம் பெருமையோடு மேடையில் பேசும் பாட்டின் உரை.

மருந்தும் விருந்தும்

மூலிகை கூட்டிப் புளிக்கவைத்த பானம் நம் வீடுகளுக்கு அயலானது என்று எண்ணுவோர், மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் தாய்மார்க்குக் கொடுக்கும் தசமூலாரிஷ்டம், பத்து வேர்களின் கஷாயத்தில் வெல்லமும் தேனும் கூட்டி, தாதகிப் பூ இட்டு, வாய்மூடிய கலத்தில் பலநாள் நொதிக்கவைத்து எடுப்பது. அதில் நொதித்தலால் தானே பிறந்த சாராயச் சத்து உண்டு. மருந்து என்ற பெயரில் நாம் தயங்காது ஏற்கும் ஒன்றை, பாட்டில் கண்டால் மட்டும் மறைப்பது ஏன்? அளவும் நோக்கமும் காலமும் வேறு என்று விடை கூறலாம். அவ்விடை சரியானதே. அளவு, நோக்கம், காலம் ஆகிய இவற்றைத்தான் பாடலிலும் பார்க்க வேண்டும் என்கிறோம்.

வடகிழக்கில் அசாமின் திமாசா மக்கள் தெம்ப்ரா என்னும் செடியின் பட்டையைச் சேர்த்து ஆக்கும் ‘ஜூதிமா’ என்ற அரிசிப் பானத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கோவாவின் முந்திரிப் பழ ஃபெனிக்கு அது 2009-இலேயே கிடைத்தது. பிற மக்கள் தம் வீட்டு ஆக்கங்களை மரபுரிமை என்று பதிவு செய்துகொள்கின்றனர். நாமோ இலக்கியத்தில் பதிவாகிவிட்ட ஒன்றையும் அழித்தெழுதுகிறோம்.

தளர்ச்சியும் காவலும்

இவ்வாறு கூறுவதால் சங்கப் புலவர் குடியின் கேட்டைக் காணாதவர் என்று பொருளாகாது. அகநானூறு 348-ஆம் பாட்டில், பழமும் தேனும் கூட்டி ஆக்கிய கடுந்தேறலைப் பருகிய கானவர் தினைப்புனக் காவலை மறந்துவிடுகின்றனர். யானை புகுந்து தினையைத் தின்றுவிடுகிறது. பெரும்பாணாற்றுப்படையிலேயே பட்டினத்தைப் பாடும் பகுதியில் கள் அடும் மகளிர் வருகின்றனர். அவர்கள் வள்ளம் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகி, அச்சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. அங்கேயும் பாணனுக்கு நறவு கிடைக்கிறது; ஆனால் விரலையும் சாடியையும் காட்டிய புலவர், தொழிலாகக் கள் அடும் பட்டினத்தில் சேற்றையும் பன்றியையும் காட்டுகிறார். ஒரே பாட்டில் வீட்டுச் சாடியும் தெருச் சேறும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. தீர்ப்பு ஏதும் கூறப்படவில்லை, காட்சியே கூறுகிறது.

இவ்வேறுபாடு இன்றும் கண்கூடு. ஹண்டியாவை வீட்டில் ஆக்கிப் படைப்பதும் பகிர்வதும் ஒன்று. வறுமையால் சாலையோரத்தில் விற்றுப் பிழைப்பது வேறொன்று. அவ்வாறு விற்கும் பெண்களுக்கு மாற்றுத் தொழில் தருவதற்காகவே ஜார்க்கண்ட் அரசு 2020-இல் பூலோ ஜானோ ஆசீர்வாத் என்ற திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதற்கும் விற்பதற்கும் தடை இருந்துவருகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவ்வீடுகளின் அழுகையைக் கேட்டபின், சங்கப் பாடலைக் குடிக்குச் சான்றாக்குவோர் வாய் மூடுதல் வேண்டும். பெரும்பாணாற்றுப்படை காட்டும் சாடியில் இருந்தது அரிசியும் நீரும் இரண்டு நாள் காத்திருப்பும்; எரித்து வடித்த சாராயம் அங்கே இல்லை; நஞ்சு கலக்கும் வணிகனும் இல்லை. ஆக்கியவர் கண்ணெதிரே பருகப்பட்ட பானம் அது. தான் பருகாததைப் பிறருக்குத் தருபவன் அவ்வீட்டில் இருந்ததில்லை.

திருக்குறளின் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமையைப் பேசுகிறது. அது சங்கப் பாடலுக்கு முரண் என்று சிலர் வருந்துவர். அதே வள்ளுவர் இன்பத்துப்பாலில், கள் உண்டவர்க்கே மகிழ்ச்சி தரும், காமமோ கண்டாலே மகிழ்ச்சி தரும் என்று கள்ளை உவமைக்கு எடுத்துக்கொண்டதையும் மறக்கலாகாது. விலக்க வேண்டிய ஒன்றையும் அறிந்து விலக்குவதே நூலோர் வழக்கம். பெயரை மாற்றி மறைப்பது அவர்கள் வழக்கம் அன்று.

நாம் செய்யத்தக்கது

நச்சினார்க்கினியர் கள்ளின் செய்முறையைப் படிப்படியாக, ஒரு சொல்லும் விடாமல் விளக்கினார். சாமிநாதையர் அதனை அப்படியே அச்சேற்றினார். பாட்டில் உள்ளதைப் பாட்டின்படியே சொல்வதே உரை என்னும் அறத்தை இருவரும் காத்தனர். அந்த நேர்மை பிறமொழிச் சூழலில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இன்னும் மிகுதியாக வேண்டும். நம் பிள்ளைகள் தமிழைப் பள்ளியில் அன்றி வீட்டிலும் சங்கத்து வகுப்பிலுமே கற்கின்றனர். நாம் சொல்வதே அவர்களுக்கு நூல். தேறலைப் பழச்சாறு என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பின்னாளில் மூலத்தைக் கண்டறியும் பிள்ளை நாம் சொன்ன பிறவற்றையும் ஐயுறும்.

அரிசியை ஆற்றிய தட்டையும் இரண்டு நாள் காத்த சாடியையும் பிழிந்த விரலையும் அவர்களுக்குக் காட்டுவோம். காவல் மறந்த கானவரையும் சேற்றில் புரண்ட பன்றியையும் உடன் காட்டுவோம். ஒளவையார் அதியமானைப் பற்றிப் புறநானூறு 235-இல் சொன்னது போல, சிறிதளவு கிடைத்தால் பிறர்க்கே தந்தவனும் பெரிதளவு கிடைத்தால் கூடியிருந்து பகிர்ந்தவனும் வாழ்ந்த காலம் அது என்பதையும் சொல்வோம். கலத்தில் இருந்தது யாதாயினும், அதைப் பகிர்ந்த கையையே புலவர் பாடினர். அந்தக் கை இன்று சந்தால் வீட்டிலும் திமாசா வீட்டிலும் நமக்கு நீளும்போது, பருகுவதும் மறுப்பதும் நம் விருப்பம். அந்த வீட்டை இழிவாக எண்ணாமல் வணங்கி விடைபெறும் பண்பு மட்டும் நம் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. வலைஞர் மனையில் விருந்துண்ட பாணன் அதை நமக்குக் கடமையாக்கிச் சென்றிருக்கிறான்.